ஆள்காட்டியை வேலைக்கு வைத்த முள்ளம்பன்றி

இலுப்பைக் காட்டின் ஓரத்தில் நெடுங்குளம் என்று ஒரு குளம். குளத்தின் கரையில் ஒரு வளை. அந்த வளையில் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி இருந்தான். அவன் ஓவியன்.

முள்ளம்பன்றி பகலில் தூங்கி இருட்டில் திரிகிற பிராணி ஆயிற்றே என்று கேட்பீர்கள். மற்ற முள்ளம்பன்றிகள் அப்படித்தான். இவன் கலைஞன் இல்லையா? பகலில் வரைவான். சரியாகச் சொன்னால், பகலில் வரையப்போவதாகச் சொல்வான்.

வளையின் முன்னறைதான் அவனுடைய சித்திரக்கூடம். கூரையில் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாக வெளிச்சம் இறங்கும். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களையே தூரிகையாக வைத்திருந்தான். மீசை வரைய மெல்லிய முள், மலை வரையத் தடித்த முள். சிப்பிகளில் வண்ணங்கள் இருந்தன. காவிக்கல்லை அரைத்துச் சிவப்பு, கரியைப் பொடித்துக் கறுப்பு, நத்தை ஓட்டை இடித்து வெள்ளை. வசதிக்கு ஒரு குறையும் இல்லை.

சுவரெங்கும் படங்கள். தும்பிக்கை இல்லாத யானை ஒன்று நின்றது. மூன்று காலில் ஒரு மான் நின்றது. இன்னொரு பக்கம் தோகை மட்டும் விரிந்திருந்தது, மயிலைக் காணோம்.

"இது என்ன புது மாதிரியா?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள்.

"நாலாவது காலைப் போட உக்காந்தேன், மயில் நெனப்பு வந்துட்டு! மயிலுக்குத் தோகை போட்டேன், யானை நெனப்பு வந்துட்டு! யானைக்குத் தும்பிக்கை போடப் போனேன், பசி வந்துட்டு!" என்பான் முள்ளாண்டி.

எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும்விட உரக்க அவன்தான் சிரிப்பான். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. கேலி செய்து முடித்ததும், படத்தையே முடித்துவிட்ட நிம்மதியோடு தூங்கப் போய்விடுவான்.

ஒரு நாள் காலையில் கொம்பையா வந்தார். கொம்பையா ஒரு கூழைக்கடா. கூடவே மனைவி இசக்கி. பின்னால் வரிசையாக மூன்று குஞ்சுகள். கொம்பையாவின் இடது சிறகு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. காற்றில் முறிந்த கிளை ஒன்று அதன்மேல் விழுந்துவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. நீந்துவதற்குத் தடையில்லை. பறப்பது இனி நடக்காது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நெடுங்குளத்தின் நடுவில் ஆனைப்பாறை என்று ஒரு பாறை உண்டு. மழைக்காலத்தில் அது மூழ்கிக் கிடக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, முதலில் அதன் முதுகு தெரியும். பிறகு வயிறு தெரியும். கடைசியில் கால் தெரியும். கால் தெரிந்ததும் கூழைக்கடாக் கூட்டம் வடக்கே கிளம்பிவிடும். அதுதான் அவர்களுடைய வழக்கம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். காத்திருந்தால் எல்லாருக்கும் மீன் போதாது.

அன்று பாறையின் முதுகு தெரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஒரு படம் வேணும்" என்றார் கொம்பையா.

"என்ன படம் அண்ணாச்சி? யானையா, மானா? முழுசா வேணுமா, இல்ல நம்ம பாணியில வேணுமா?"

கொம்பையா சிரிக்கவில்லை. "பாறைக்குக் கால் தெரிஞ்சதும் இவுக எல்லாரும் கெளம்பிருவாவ. நான் இங்கதான் கெடக்கணும். மடுவுல கொஞ்சம் தண்ணி நிக்கும். எனக்கு ஒருத்தனுக்கு மீன் கெடைச்சிரும்."

"மழை விழுந்ததும் திரும்பி வந்துருவோம்லா?" என்றாள் இசக்கி. அவள் இதைப் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். குரல் அப்படித் தேய்ந்திருந்தது.

"வருவிய. யாரு இல்லன்னா? ஆனா குஞ்சுக வளந்துல்லா வரும்! இந்தப் பழுப்பு மயிரு உதிந்து வெள்ளை எறகு மொளச்சிரும். அலகு நீண்டிரும். இப்ப இருக்க இந்த மொகம் போனா போனதுதான் தம்பி. அத நான் பாத்துக்கிட்டு இருக்கணும். அம்புட்டுத்தான்."

முள்ளாண்டியின் முட்கள் தாமாகவே படிந்தன. அவனுக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவன் கெட்டவன் இல்லை. வாக்குக் கொடுக்கும்போது அவனைப்போல் மனதாரக் கொடுக்கிறவர்கள் குறைவு.

"பாறைக்கு வயிறு தெரியறதுக்குள்ள முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி! நாளைக்குக் காலையில மதினியையும் பிள்ளைகளையும் அனுப்பி வைங்க. எதுக்க உக்காரணும், நான் பாத்து வரையணும். அவ்வளவுதான்!"

மறுநாள் இசக்கி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முள்ளாண்டி குளத்திலிருந்து ஒரு பலகைக்கல்லை உருட்டி வந்து வைத்திருந்தான். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கத்தில்தான் படம்.

குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்தன. கடைக்குட்டி மட்டும் உட்காரவில்லை. அவள் ஒரு சிப்பிக்குள் அலகை விட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு சிப்பிக்குள் விட்டுப் பார்த்தாள்.

முள்ளாண்டி முள்ளை எடுத்தான். முனை சற்று மழுங்கியிருந்தது. தீட்டினான். தீட்டிய தூள் கல்லில் விழுந்தது. ஓர் இலையால் துடைத்தான். அழுக்கு இலையை வெளியே போட்டுவிட்டு வந்தான். வரும்போது பார்த்தால், சிப்பிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. சிறியது முதல் பெரியதுவரை அடுக்கினான். அடுக்கிய பிறகு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படியும் அடுக்கினான்.

கூரை ஓட்டையின் வெளிச்சம் கல்லைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

"மதினி, இன்னைக்கு வெயிலு சரியில்ல" என்றான்.

"நல்லாத்தானே அடிக்கி?"

"அடிக்கி! ஆனா படத்துக்குன்னு ஒரு வெயிலு உண்டு. நாளைக்கு வாங்க!"

இசக்கி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் போன பிறகு கீரி சங்கிலி வந்தான். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, விஷயம் கேட்டியளா?" என்றான். நல்லபாம்பு ஒன்றைத் துரத்தின கதையை ஆரம்பித்தான். கதை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"ச்சே! இந்தச் சங்கிலிப் பயலாலதான் இன்னைக்கு வேலை கெட்டுது!" என்றான் முள்ளாண்டி.

சங்கிலி வந்தது அவர்கள் போன பிறகு. அது முள்ளாண்டிக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் நம் யாருக்குமே தோன்றுவதில்லை.

அன்றைக்கு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். வீட்டிலேயே இருந்து வேலை செய்கிறவனுக்கு வீட்டு வாசல்தான் எதிரி. வாசலுக்கு ஒரு காவல் போட வேண்டும்!

யாரைப் போடுவது? அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வளைக்கு எதிரே பொட்டல். பொட்டலில் அஞ்சலை இருந்தாள். அஞ்சலை ஆள்காட்டிக் குருவி. யார் நடந்து வந்தாலும், "ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்திக் காட்டையே கூட்டிவிடுவாள். புலிகூட அவளுக்குப் பயந்து சுற்று வழியில் போகும்.

"அஞ்சலை, எனக்குக் காவல் இருக்கியா? வேலைக்கு இடைஞ்சலா யாரும் வந்துறக் கூடாது!"

"கத்துததுதானே அண்ணாச்சி? அத நான் சும்மாவே செய்யுதேன்!" என்றாள் அஞ்சலை. மறுநாள் விடிந்ததுமே வளையின் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

முள்ளாண்டி முள்ளை எடுத்தான்.

"ஆள் வருது! ஆள் வருது!"

வெளியே ஓடி வந்தான். "யாரு?"

"எறும்பு!"

உள்ளே போய் உட்கார்ந்தான்.

"ஆள் வருது! ஆள் வருது!"

"இப்ப யாரு?"

"அதே எறும்பு! திரும்பிப் போவுது!"

அதன் பிறகு ஒரு தவளை வந்தது. ஒரு சருகு வந்தது. ஒரு மேகத்தின் நிழல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அஞ்சலை தொண்டை கிழியக் கத்தினாள். ஒவ்வொன்றையும் முள்ளாண்டி வெளியே வந்து பார்த்தான். கடைசியில் இசக்கியும் குஞ்சுகளும் வந்தார்கள். அஞ்சலை போட்ட கூச்சலில் குஞ்சுகள் மிரண்டு குளத்தைப் பார்த்து ஓடிவிட்டன. அவற்றைத் துரத்திக்கொண்டு இசக்கியும் ஓடினாள்.

"இது சரிப்படாது. உனக்கு முறையாச் சொல்லிக் குடுக்கணும்" என்றான் முள்ளாண்டி.

சின்னது வந்தால் சின்னக் கத்து. பெரியது வந்தால் பெரிய கத்து. நிழலுக்குக் கத்தவே கூடாது. இதையெல்லாம் அவன் கத்திக் கத்திக் காட்டினான். அஞ்சலை திருப்பிக் கத்தினாள். ஒரு முழுக் காலைப்பொழுது இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த முயல்கள் வளையைக் காலி செய்துகொண்டு போய்விட்டன.

இந்த இடத்தில் நான் எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன். அப்படியே ஜன்னல் கம்பிகளையும் துடைத்தேன். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கே விட்டேன்? ஆமாம், முயல்கள்.

அன்றைக்கு ஆனைப்பாறையின் வயிறு தெரிந்தது. முள்ளாண்டி சொன்ன கெடு முடிந்துவிட்டது.

"கத்திப் பிரயோசனம் இல்ல. வாசல்ல ஒரு படம் வைக்கணும். பாத்ததும் வந்தவன் திரும்பிப் போயிரணும்!" என்றான்.

கையை நீட்டி, 'நில்!' என்று காட்டுகிற முள்ளம்பன்றியின் படம். அதுதான் யோசனை. வரைவதற்குக் கல் வேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் அந்தப் பலகைக்கல்தான் இருந்தது. வழவழவென்று, சுத்தமாக, தயாராக இருந்தது. குடும்பப் படத்துக்கு வேறு கல் உருட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

உட்கார்ந்தான். ஆச்சரியத்தைக் கேளுங்கள்: எழுந்திருக்கவே இல்லை! ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியாகப் போட்டான். நீட்டிய கையில் நகம் போட்டான். சுற்றிலும் ஒரு பூவேலையும் போட்டான். படம் முழுதாக முடிந்தது. அவன் வாழ்க்கையில் முடித்த முதல் படம் அது. வேலை செய்யவிடாமல் வருகிறவர்களைத் தடுப்பதற்காக, செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு வரைந்த படம்.

"பாத்தியா அஞ்சலை! மனசு வச்சா என்னால முடியாதா?"

"அழகா இருக்கு அண்ணாச்சி! இனிமே நான் என்ன செய்யணும்?"

"வாறவங்களுக்கு நீ கத்த வேண்டாம். அத இந்தப் படம் பாத்துக்கிடும். என் வேலையக் கெடுக்குத ஆளு யாருன்னு நல்லாப் பாரு. அந்த ஆளக் கண்டா மட்டும் கத்து. ஆளு யாரா இருந்தாலும் விடாத!"

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

கல்லை வாசலில் நிறுத்தினான். மறுநாள் காலையில் உள்ளே போய் உட்கார்ந்தான். வெளியே சத்தமே இல்லை. காற்றுகூட மெதுவாக வீசியது. ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இசக்கி வந்ததும் வரையத் தொடங்கிவிட வேண்டியதுதான். அதுவரை சும்மா இருப்பானேன்? காவிக் குழம்பு காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்தான்.

"ஆள் வருது! ஆள் வருது!"

வெளியே ஓடினான். யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். தாகமாக இருப்பதுபோல் தோன்றியது. எழுந்தான்.

"ஆள் வருது! ஆள் வருது!"

மறுபடி ஓடினான். பொட்டல் வெறிச்சென்று கிடந்தது. உள்ளே வந்தான். சிப்பிகளை வண்ண வாரியாக அடுக்கினால் என்ன என்று கையை நீட்டினான்.

"ஆள் வருது! ஆள் வருது! ஆள் வருது!"

"எங்கடீ வருது?" முள்ளாண்டியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. "ஒரு ஈ காக்கா இல்ல! எந்த ஆளச் சொல்லுத?"

"இந்தா நிக்காருல்லா!"

"எங்க?"

"நீங்கதான் அண்ணாச்சி!"

 

"நீங்க சொன்னபடிதான் பாத்தேன்" என்றாள் அஞ்சலை. "சங்கிலி ஒரு தடவ வந்தான், போனான். எறும்பு வந்துது, அது பாட்டுக்குப் போச்சு. உங்க வேலையக் கெடுக்க வேற யாரும் வரல. நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு வாறதுக்குக் கத்தித்தான் எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு!"

"உன்ன வேலைய விட்டு நிறுத்திட்டேன்! போ!"

"போறேன். அதுக்கு முன்ன ஒரு வார்த்த. மதினி வந்துட்டுப் போனாவ."

"எப்போ?"

"வெளுக்கும்போதே. இந்தப் படத்தப் பாத்தாவ. கைய நீட்டி நில்லுன்னுல்லா இருக்கு? நின்னாவ. ரொம்ப நேரம் நின்னாவ. பிள்ளைகளுக்குக் காலு வலிச்சுது. அப்புறம் போய்ட்டாவ."

"நீ ஏன் கத்தல?"

"அவுக வேலையக் கெடுக்க வந்த ஆளு இல்லியே அண்ணாச்சி!"

முள்ளாண்டி குளத்தைப் பார்த்தான். ஆனைப்பாறையின் கால் தெரிந்தது. சேறு பூசிய கால். மரங்களில் கூழைக்கடாக்கள் சிறகை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தன. கிளம்புவதற்கு முன்னால் அவை அப்படித்தான் செய்யும். ஒரு வரிசை ஏற்கனவே வானத்தில் இருந்தது.

அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட நேரம் இல்லை.

வேறு கல் உருட்டி வர நேரமில்லை. வாசலில் நின்ற கல்லையே தள்ளிக் கவிழ்த்தான். 'நில்!' என்ற படம் மண்ணுக்குள் போயிற்று. சொரசொரப்பான பக்கம் மேலே வந்தது. அதை மூக்கால் தள்ளித் தள்ளிக் கரைவரை கொண்டு போனான். வாயில் ஒரு கரித்துண்டு. அவ்வளவுதான். அடுக்கிவைத்த சிப்பிகள் அடுக்கிவைத்தபடியே வளையில் இருந்தன.

"மதினி! மதினி!"

இசக்கி திரும்பிப் பார்த்தாள். குஞ்சுகள் அவளைச் சுற்றி நின்றன. சற்றுத் தள்ளி, தண்ணீரில், கொம்பையா இருந்தார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. குஞ்சுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வரிசை கெளம்ப இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு" என்றாள் இசக்கி. "உக்காரட்டுமா, வேண்டாமா? இப்பவாவது சொல்லுங்க!"

"நில்லுங்க மதினி! நின்னா போதும்!"

முள்ளாண்டி உட்கார்ந்தான். கரியை எடுத்தான். பார்த்தான்.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் குஞ்சுகளை அவன் இதுவரை பார்க்கவே இல்லை! எதிரே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நிற்பான் என்பது இப்போதுதான் தெரிந்தது. இரண்டாமவனுக்கு உச்சியில் ஒரு கொத்து மயிர் படியாமல் நின்றது. அம்மாவின் சிறகு ஓரத்தைக் கடித்துக்கொண்டே நின்றான். எத்தனை அழகு! வரைவதற்கு இத்தனை இருக்கும்போது எதற்காக எழுந்து எழுந்து போனோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

கல் சொரசொரப்பாக இருந்ததால் கோடு நடுங்கியது. பரவாயில்லை என்று வரைந்தான். செவ்வெறும்பு ஒன்று காலில் கடித்தது. வரைந்தான்.

"அண்ணாச்சி, விஷயம் கேட்டியளா?" என்று சங்கிலியின் குரல் பின்னால் கேட்டது. திரும்பவில்லை. கரி தேய்ந்துகொண்டே வந்தது. வளையில் வேறு கரி இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பின்பக்கம் லேசாகத் தூக்கியது.

வேலையை விட்டு நிறுத்தப்பட்ட அஞ்சலை பக்கத்துப் புதரில் நின்றிருந்தாள். அவள் அலகைத் திறந்தாள்.

முள்ளாண்டி உட்கார்ந்துவிட்டான். கரி தீர்ந்ததும் சேற்றை விரலால் தொட்டு வரைந்தான்.

இசக்கி வந்துவிட்டாள். மூத்தவன் வந்துவிட்டான். இரண்டாமவன் வந்துவிட்டான். இனிக் கடைக்குட்டி. அவள் நின்றால்தானே! அப்பாவிடம் ஓடினாள். அம்மாவிடம் வந்தாள். மறுபடி அப்பாவிடம் ஓடினாள். கொம்பையா ஒரு மீனை அவள் வாயில் போட்டார். அதை விழுங்கத் தெரியாமல், வால் வெளியே துருத்திக்கொண்டிருக்க, அவள் ஒரு கணம் நின்றாள். முள்ளாண்டி அலகைப் போட்டான். மீன் வாலைப் போட்டான். ஒரு கண்ணைப் போட்டான்.

சடசடவென்று சிறகுச் சத்தம் எழுந்தது. அவர்களுடைய வரிசை கிளம்பிவிட்டது.

இசக்கி கொம்பையாவின் கழுத்தில் ஒருமுறை தன் கழுத்தை உரசினாள். பிறகு ஓடி எழும்பினாள். குஞ்சுகள் பின்னாலேயே எழும்பின. வானத்தில் அவை சிறியதாகி, இன்னும் சிறியதாகி, புள்ளியாகிப் போயின. கொம்பையாவின் நல்ல சிறகு மட்டும் தானாக விரிந்து, பிறகு மெல்ல மடங்கியது.

முள்ளாண்டி படத்தைப் பார்த்தான். கடைக்குட்டிக்கு ஓர் அலகு, ஒரு மீன் வால், ஒரு கண். மிச்ச இடம் வெறும் கல்.

கொம்பையா கரையேறி வந்தார். முள்ளாண்டி வழக்கம்போல் ஒரு கேலியை எடுத்து விடப் பார்த்தான். "நம்ம பாணியிலயே முடிச்சிட்டேன் அண்ணாச்சி, கடைசிப் பிள்ளைக்குப் பசி வந்துட்டு" என்று தொடங்கினான். பாதியிலேயே நிறுத்திவிட்டான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

கொம்பையா நெடுநேரம் படத்தைப் பார்த்தார். சாய்ந்த கழுத்தைப் பார்த்தார். படியாத மயிரைப் பார்த்து, "அப்படியே இருக்கான்" என்றார். பிறகு வெறும் கல் இருந்த இடத்துக்கு வந்தார்.

"இவளுக்குக் கன்னத்துல ஒரு கறுப்பு உண்டே. நீ பாக்கலியா தம்பி?"

"பாக்கல அண்ணாச்சி" என்றான் முள்ளாண்டி. "எதுக்க வந்து நின்னா. என் சிப்பிக்குள்ள அலக விட்டு விட்டு எடுத்தா. நான் அவளப் பாக்கல, சிப்பியத்தான் பாத்தேன். நீங்க சொல்லுங்க, அந்தக் கறுப்ப இப்ப வச்சிருதேன்."

கொம்பையா யோசித்தார். "இடது கன்னமா, வலது கன்னமா..." என்றார். மறுபடி யோசித்தார். "வேண்டாம் தம்பி. தப்பா வச்சிட்டா அப்புறம் எனக்கு அதுதான் நெனப்புல நிக்கும். இருக்கபடி இருக்கட்டும்."

கல்லை மடுவின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார்கள். குடும்பம் இருக்கும் பக்கம் கொம்பையாவைப் பார்த்து. 'நில்!' என்று கையை நீட்டும் முள்ளம்பன்றி வெளியே பார்த்து. கோடை முழுவதும் தண்ணீர் குடிக்க வந்த பிராணிகள், அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கொம்பையாவுக்கு யாரும் வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போயின. முள்ளாண்டி அந்தப் படத்தைச் சுரண்டிவிடப் பார்த்தான். முடியவில்லை. அத்தனை நேர்த்தியாக வரைந்திருந்தான்! அதனால் அவனே தினமும் போய்க் கொம்பையாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தான். வேலை முடிந்த பிறகு.

மழை வந்தது. ஆனைப்பாறை மூழ்கியது. கூழைக்கடாக்கள் திரும்பின. வெள்ளை இறகும் நீண்ட அலகுமாக ஒரு பெண் பறவை வளைக்கு முன்னால் வந்து இறங்கினாள்.

"மாமா, நான்தான் கடைக்குட்டி. எம் படத்துல பாதிதான் இருக்குன்னு அப்பா சொன்னாவ. மீதிய வரையுதியளா? இப்ப நான் அசையாம நிப்பேன்!"

உண்மையாகவே அசையாமல் நின்றாள். முள்ளாண்டி அவளைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். இரண்டு கன்னங்களும் வெள்ளையாக இருந்தன. கறுப்பு எதுவும் இல்லை.

"உன்ன வரையுதேன் தாயி, வேற கல்லுல. முழுசா வரையுதேன்" என்றான். "அந்தக் கல்லுல வேண்டாம். அந்தப் பிள்ள போயிட்டு."

அவளை முழுதாகவே வரைந்து கொடுத்தான். அது அவன் முடித்த இரண்டாவது படம். பிறகு மானுக்கு நாலாவது கால் வந்தது. தோகைக்கு மயில் வந்தது. யானைக்கும் தும்பிக்கை வந்துவிட்டது, கொஞ்சம் குட்டை. மடுவின் ஓரத்துக் கல்லில் மட்டும் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அஞ்சலையை அவன் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். முன்பு அவள் வாசலுக்கு வெளியே பார்த்து நிற்பாள். இப்போது அதே வாசலில், உள்ளே பார்த்து நிற்கிறாள். அவன் பின்பக்கம் லேசாகத் தூக்கினால் போதும், "ஆள் வருது!" என்று ஒரு கத்து. அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறான்.

எனக்கும் அப்படி ஒரு குருவி கிடைத்தால் இந்தக் கதையைப் போன வருஷமே முடித்திருப்பேன். என்ன செய்வது, ஜன்னல் கம்பிகள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன.

ஆகவே, பிள்ளைகளே, பெரியவர்களே, நம் வேலையைக் கெடுக்கிற ஆளைப் பிடிக்க வாசலில் காவல் போட்டுப் பயனில்லை. அந்த ஆள் எப்போதும் உள்ளேதான், நம்முடைய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.